இண்டையான் தட்டு

அண்ணையிடம் வயரிங் பழக வருகிற எவரும் முதலில் வானுக்குள்தான் ஏறவேண்டும். சுவரில் கொன்டியூட் பதிக்கவோ மெயின் போர்ட்டைத் திறக்கவோ கை போவதற்கு முன்னர், எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரவேண்டும். சாமான் ஏற்றத் தெரிந்தவனுக்கு வேலை பாதி தெரியும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதை அவர் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. வானைச் செய்ய வைத்தே விளங்கவைத்தார்.

எங்கள் வேலை ஒரு வகைக்குள் அடங்காது. வீட்டு வயரிங், கிணற்று மோட்டர், மேல்தாங்கிக்குப் பைப் இழுப்பது, இப்போது சோலரும். மருதனார்மடச் சந்தியில் இருந்து வெளிக்கிட்டால் காங்கேசன்துறை வீதியால் வடக்கே சுன்னாகம், தெற்கே இணுவில், கோண்டாவில். குறுக்கே ஒரு பக்கம் உடுவில், மானிப்பாய், மற்றப் பக்கம் உரும்பிராய், கோப்பாய். எந்த வீடும் பெரிய தூரமில்லை. சந்தியைச் சுற்றி ஹாட்வெயார் கடைகளும் இருக்கின்றன. பிறகேன் ஒரு வானுக்குள் அரைக் கடையைக் காவிக்கொண்டு திரியவேண்டும் என்று ஆரும் கேட்கலாம்.

முக்கால் அங்குல சொக்கட் ஒன்று வாங்கக் கடைக்குப் போய்வர அதிக நேரம் எடுக்காது. ஆனால் ஏணியில் இருந்து இறங்கி, வளவைக் கடந்து, வானை எடுத்து, சந்தி நெரிசலுக்குள் நிறுத்த இடம் தேடி, திரும்பி வந்து மறுபடி ஏணியில் ஏறும்போது, எந்த வயரை எதற்காகப் பிடித்திருந்தோம் என்ற தொடர்ச்சி அறுந்துவிடும். மெயினை நிறுத்திய வீட்டில் அந்த நேரம் முழுக்க மோட்டரும் இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் இல்லை, ஒரு வயதுபோன அம்மா விசிறியும் இல்லாமல் விறாந்தையில் இருப்பா. வானின் ஒழுங்கு முதலில் அவவுக்கானது.

இதை எல்லாத் தொழிலாளரும் திடமாக உணர்ந்தது 2022 பொருளாதார நெருக்கடியில். அப்போது நான் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. டீசலுக்கு வரிசை. பிறகு எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த 20 லீற்றருக்குள் கிழமை முழுவதையும் ஓட்டவேண்டும். மறந்துபோன ஒரு எல்போவுக்காகத் திரும்பி வருவது, இன்னொரு வீட்டுக்குப் போகாமல் விடுவதாக மாறியது. அண்ணை ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி முன் சீற்றுக்குப் பின்னால் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். வேலையிடத்தில் தேடிக் கிடைக்காத சாமான் எதுவோ, அது வானிலேயே இல்லையா, இருந்தும் கண்ணில் படவில்லையா என்று அதிலே எழுதவேண்டும். கொப்பி நிரம்ப நிரம்ப ஒன்று தெளிவானது. இல்லாத சாமான்கள் கொஞ்சம்தான். இருந்தும் எடுக்க முடியாதவை ஏராளம். பெயின்ற் வாளிக்குள் வாளி, அதற்குள் ஒரு பை, அந்தப் பைக்குள் தேடிய சாமான். அந்தக் கொப்பியை வைத்துத்தான் வானை முழுதாகக் கழற்றி மறுபடி அமைத்தோம். 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நின்றுபோனது. கொப்பி நிற்கவில்லை.

எங்களுடையது டொல்பின் வான். இடப்பக்கம் இழுகதவு, பின்னால் மேலே தூக்கும் கதவு, வலப்பக்கம் முழுச் சுவர். எந்த அளவையும் எடுப்பதற்கு முன்னர் இந்த மூன்றையும் யோசிக்கவேண்டும். வீதியில் இடப்பக்கமாக நிறுத்துகிறோம், ஆகவே இழுகதவு வேலியோரம் திறக்கும். வாகனம் ஓடும் பக்கம் இறங்கத் தேவையில்லை. அடிக்கடி கை போகும் சாமான் எல்லாம் அந்தக் கதவுக்கு எட்டவேண்டும். பின்கதவு மேலே எழும்புவதற்கு வானுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் இடமாவது வேண்டும். எங்கள் ஒழுங்கைகளில் படலையோடு ஒட்டி நிறுத்தினால் அது கிடைக்காது. ஆனால் கார்த்திகை மழையில் அதைத் தூக்கினால் அதுவே கூரை. அதற்குக் கீழே நின்று பைப்புக்கு மரை வெட்டலாம், கிறைண்டர் பிடிக்கலாம். ஆகவே பின்பக்கம் நீளமான சாமானுக்கும், நின்று வேலை செய்வதற்கும். வலப்பக்கச் சுவருக்கு முழு நீள இறாக்கை. இவ்வளவும் முடிவான பிறகுதான் அண்ணை அளவுநாடாவை எடுக்க விட்டார்.

இறாக்கையை எதனால் அடிப்பது என்பதில் அவரும் அவருடைய ஒட்டுவேலைக்காரச் சிநேகிதரும் ஒத்துப்போகவில்லை. சிநேகிதர் எல் அயனால் அடித்தால் யானை ஏறினாலும் அசையாது என்றார். அண்ணை யானையை ஏற்றப்போவதில்லை. இரும்பு இறாக்கையின் பாரம் ஒவ்வொரு பயணத்திலும் சும்மா போய்வரும் பாரம். முடிவில் ஒரு அங்குல பொக்ஸ் பாரில் சட்டம், தட்டுக்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட். 8க்கு 4 அடிப் பலகை ஒன்று அந்தத் தடிப்பில் ஏறக்குறைய 20 கிலோ. 18 மில்லிமீற்றருக்குப் போனால் 30 கிலோவை நெருங்கும். தட்டுகளின் நீளம் சிறிது என்றால் 12 போதும், நடுவில் ஒரு தாங்கு கொடுத்தால் வளையாது. சட்டத்தை வானின் உடலோடு ஒட்ட அண்ணை விடவில்லை. ஒட்டிய இடத்தில் பெயின்ற் எரியும், பின்னர் அதிலேதான் துரு தொடங்கும். உடலின் உள்விலாக்களில் துளையிட்டு, றபர் வாசர் வைத்து, நட்டால் இறுக்கினோம். கழற்றவேண்டிய நாளில் ஒரு ஸ்பனர் போதும்.

தட்டுகளை மட்டமாக வைக்கும்படிதான் கை சொல்லும். அண்ணை ஒவ்வொன்றையும் சுவர்ப்பக்கம் சற்றுத் தாழ்த்தச் சொன்னார். முன்விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குப் பலகைத் துண்டு. உடுவில் பக்கத்து உள்வீதிகளில் ஒவ்வொரு குழியிலும் வான் ஆடும்போது பெட்டிகள் தாங்களாகவே சுவரை நோக்கிச் சாயும். அதற்கும் மேலால் பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி இரு பக்கமும் கொழுவி இழுத்துவிட்டோம். ரியூப் வெயிலில் வெடித்துப்போகும், வெடிப்புத் தெரிந்தவுடன் மாற்றவேண்டும். சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

முன் சீற்றுகளுக்குப் பின்னால் அடித்த தடுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பல வேலை வான்களில் அது இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வான் மோதி நின்றால், பின்னால் கட்டாமல் கிடக்கும் கூடம் அதே வேகத்தோடு முன்னுக்கு வரும். 10 மீற்றர் உயரத் தென்னையில் இருந்து விழும் தேங்காய் நிலத்தைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. தேங்காய் விழும் மரத்துக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தமாட்டோம். ஆனால் கூடத்துக்கும் அலவாங்குக்கும் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறோம். கனமானது எல்லாம் நிலத்தில், பின்சில்லுக்கு முன்பாக, தடுப்போடு ஒட்டி. இருபக்கமும் பாரம் ஒத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் வளைவில் வான் ஒரு பக்கம் இழுக்கும். இந்த இடத்தில் அண்ணை எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. வடிவு, வசதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு ஊரின் நிலம் வானுக்குள் எப்படி வருகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். எங்கள் பக்கத்துச் செம்மண்ணைச் சில இடங்களில் நாலு அடி தோண்ட முன்னரே கல் தட்டும். ஏர்த் கம்பி இறங்காது. ஆகவே எங்கள் வானில் கூடமும் அலவாங்கும் கல்லுளியும் எப்போதும் இருக்கும். மண் ஆழமாக உள்ள ஊரில் ஒரு மின்வேலைக்காரருக்கு இவ்வளவு தேவைப்படாது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. ஃபூட் வால்விலும் பைப் வாயிலும் அது வெள்ளையாகப் படியும். ஆகவே ஃபூட் வால்வும் வாசர்களும் இரண்டாவது தட்டில், கைக்கு எட்டும் இடத்தில். செம்மண் தூசு இன்னொன்று. வைகாசி, ஆனி மாதச் சோளகக் காற்றில் கதவுச் சந்துகளால் உள்ளே வந்து திறந்த பெட்டிகளில் படிந்துவிடும். சுவிச்சின் தொடுமுனைக்குள் அந்தத் தூசு போகக்கூடாது. மூடியுள்ள பெட்டி கட்டாயம்.

பெட்டிகளுக்குக் காசு செலவழிக்கவில்லை. மாஜரின் டப்பாக்களும் ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டிகளும் வீடுகளில் எறிகிற சாமான். ஒரே அளவானவையாகச் சேர்த்தால் ஒரு தட்டில் ஒரு வரிசையாகப் பொருந்தும். அளவு கலந்தால் இடம் வீணாகும், அடுக்கும் சரியும். மூடியில் பெயர் எழுதுவதை அண்ணை தடுத்தார். மூடி மாறிப்போகும், மேலும் தட்டில் இருக்கும்போது தெரிவது பெட்டியின் முகம். முகத்தில் எழுதி, உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றை வெளியே ரேப்பால் ஒட்டுவது அவருடைய முறை. அரை அங்குல எல்போப் பெட்டியில் ஒரு அரை அங்குல எல்போ ஒட்டியிருக்கும். இருட்டில் தடவினாலும் தெரியும். மின்வெட்டு நேரத்து வேலைகளில் இது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

பெட்டிகளை எந்த ஒழுங்கில் வைப்பது? கடைக்காரர் வகைப்படி வைப்பார்: எல்போ எல்லாம் ஒரு பக்கம், ரீ எல்லாம் ஒரு பக்கம். நாங்கள் வேலையின் ஒழுங்கில் வைக்கிறோம். வீட்டுக்குள் போனவுடன் என்ன செய்கிறோம்? மெயினை நிறுத்துகிறோம், மின் இல்லை என்று உறுதிசெய்கிறோம். ஆகவே ரெஸ்ரர், மீற்றர், ரோச் லைற், கையுறை இழுகதவுக்கு உள்ளே இடுப்பு உயரத்தில். பிறகு திறக்கிறோம்: ஸ்குரூ ட்றைவர், குறடு, வெட்டி. பிறகு இழுக்கிறோம்: வயர். பிறகு மூடுகிறோம்: சுவிச், சுவிச் பெட்டி, ஆணி, றோல்பிளக். கதவில் இருந்து பின்னோக்கி நடந்தால் ஒரு வேலை தொடங்கி முடிவது போல இருக்கும். பைப் வேலைக்கும் அப்படித்தான்: அரை, முக்கால், ஒன்று என்று அளவுக்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டிக்குள் அந்த அளவில் ஒரு இணைப்புக்கு வேண்டிய எல்லாம். கிணற்றடிக்கு ஒரு பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம்.

வயர் றோல்களுக்கு ஒரு பொக்ஸ் பாரைக் குறுக்கே போட்டு அதில் கோத்துவிட்டோம். இழுத்தால் சுற்றும், சிக்குவிழாது. விளக்குக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67, அதைவிடப் பெரிய சுமைக்கு 7/1.04. சந்தையில் இப்போது மண்ணிறமும் நீலமும் வருகிறது. பழைய வீட்டுச் சுவருக்குள் சிவப்பும் கறுப்பும் கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அடையாளம் போட நிற ரேப் அதே பாரின் நுனியில் தொங்கும். மிச்சத் துண்டுகளை எறியக்கூடாது என்றால் அவற்றின் நீளம் தெரியவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நீளத்தை எழுதி ரேப் ஒட்டாவிட்டால் அது வெறும் குப்பைதான், எடுத்து அளந்து பார்க்க ஆருக்கும் நேரமில்லை.

பழைய சாமானுக்கென்று ஒரு லாச்சி உண்டு. 13 அம்பியர் சதுரப்பின்தான் இப்போது நாட்டின் நியமம். ஆனால் இணுவிலில் நாற்சார் வீடொன்றுக்குள் போனால் 5 அம்பியர் வட்டப்பின் சுவர்களில் இன்னும் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லுகிறோம், மாற்றியும் கொடுக்கிறோம். மாற்றும்வரை வீட்டுக்காரர் இருட்டில் இருக்க ஏலாது. கழற்றிய நல்ல பழைய பாகங்கள் அந்த லாச்சிக்குள் போகும். லாச்சி நிரம்பினால் எதையாவது எறிந்துவிட்டுத்தான் அடுத்ததை வைக்கலாம். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் வான் முழுவதும் அந்த லாச்சியாகிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிவிசி கம் தனியாக. அது எளிதில் தீப்பிடிக்கும், அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். சித்திரை வெயிலில் மூடிய வானுக்குள் ரின் ஊதும். பின்கதவோரம், நிமிர்த்தி, மூடி இறுக்கி, கிறைண்டரின் பொறி போகாத பக்கத்தில் அதற்கு ஒரு கூடு. மதியம் நிறுத்தும்போது நிழல் தேடுவது எங்களுக்காக மட்டுமில்லை.

ரொறொன்ரோவில் அண்ணையின் ஒன்றுவிட்ட தம்பியும் இதே தொழில்தான். அவர் தன்னுடைய வானின் படங்களை அனுப்புவார். தொழிற்சாலையில் செய்த அலுமினிய இறாக்கை, கிளிக் என்று பூட்டும் பெட்டிகள், இழுத்தால் ஓசையில்லாமல் வரும் லாச்சிகள். ஜெர்மனியின் சோர்ட்டிமோ போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கின்றன. நான் அந்தப் படங்களைப் பெருப்பித்து நீண்ட நேரம் பார்ப்பேன். சட்டத்தைக் கழற்றக்கூடியதாகப் பூட்டியிருப்பது, கனம் கீழே இருப்பது, விளிம்புத் தடுப்பு, எல்லாம் எங்கள் வானிலும் இருக்கிறது. அவர்களிடம் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று: தட்டுக்குக் கீழே ஒட்டும் எல்ஈடி பட்டி. கதவு திறந்தால் எரியும். வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானின் ஐந்து எஸ் முறையும் எங்களுக்குப் புதிதில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டு அதைத் தொடங்கிச் சிறப்பாகச் செய்தது, பின்னர் ஜப்பானின் உதவியோடு ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கும் அந்த அனுபவம் போனது. இங்கும் பல கந்தோர்ச் சுவர்களில் அதன் அறிவித்தலைக் காணலாம். அதிலுள்ள முதல் வேலை, தேவையில்லாததைப் பிரித்து வெளியேற்றுவது. கந்தோரில் அது வருடத்துக்கொருமுறை நடந்தாலும் போதுமாக இருக்கலாம். வானுக்கு ஒவ்வொரு நாளும் வேண்டும்.

அதற்காகத்தான் இண்டையான் தட்டு.

இழுகதவுக்கு நேரே, நெஞ்சு உயரத்தில், ஒரு தட்டு எப்போதும் வெறுமையாக இருக்கவேண்டும். இடம் இவ்வளவு நெருக்கமான வானில் ஒரு முழுத் தட்டை வெறுமையாக விடுவதை முதலில் பார்க்கும் எவரும் வீண் என்றே நினைப்பார்கள். காலையில் அன்றைய வேலைக்கு வேண்டியதை மற்றத் தட்டுகளில் இருந்து எடுத்து அதில் அடுக்கவேண்டியது நான். அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்பார்.

“தம்பி, அந்த வீட்டு வேலையை மனசிலை ஒருக்காச் செய்து பார். பேந்து ஏத்து.”

“மோட்டர் மாத்துறதுதானே அண்ணை.”

“மோட்டர் எங்கை நிக்குது?”

“கிணத்தடியிலை.”

“கிணத்தடியிலை எங்கை? கட்டிலையோ, தொட்டிக்குப் பின்னாலையோ? பழைய போல்ட் கழருமோ? கழராட்டி என்ன செய்வாய்?”

அப்போது வெட்டும் பிளேட்டும் துரு இளக்கும் எண்ணெயும் தட்டுக்கு வரும். வயர் எங்கால போகிறது என்று கேட்பார், கொன்டியூட் வரும். கிணற்றின் ஆழம் கேட்பார், கயிறு வரும். நான் இன்னும் கால் வைக்காத அந்த வளவுக்குள் இப்படிக் கேள்வி கேள்வியாக நடந்து, வேலையைத் தொடங்கி முடித்துவிட்டே வானில் ஏறுகிறேன். மெயின் போர்ட்டை எப்படிக் கட்டுவது என்று அவர் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சில் இருந்து கடைசி பிளக் வரைக்குமான சாமானைத் தட்டில் ஒழுங்காக வைக்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் போர்ட் என் தலைக்குள் வந்தது. தொழிற்தகைமை மதிப்பீட்டுக்குப் போனபோது ஒரு வேலைக்குரிய உபகரணங்களைச் சொல்லச் சொன்னார்கள். கண்முன்னால் அந்தத் தட்டு தெரிந்தது, இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டு போனேன்.

பின்னேரம் தட்டு மறுபடி வெறுமையாகவேண்டும். மிஞ்சியது தன் பெட்டிக்கு, உடைந்தது குப்பைக்கு, முடிந்துபோனது கொப்பிக்கு. எதாவது தட்டில் கிடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒரு வாசர் தனியாகக் கிடந்தால் எங்கோ ஒரு இணைப்பு வாசர் இல்லாமல் இருக்கிறதா என்று யோசிக்கவேண்டும். இரவானாலும் தொலைபேசியில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பைப்படியைத் தடவிப் பார்க்கச் சொல்லுவார் அண்ணை.

இப்போது சோலர் வேலைகள் கூடிவிட்டன. 2016 இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கிய பிறகு கூரைகளில் தகடுகள் ஏறத் தொடங்கின, மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு இன்னும் பலர் கேட்கிறார்கள். இந்த வேலை வானின் ஒழுங்கையே மாற்றக் கேட்கிறது. வீட்டு மெயினை நிறுத்தினால் 230 வோல்ட் நின்றுவிடும். தகட்டில் இருந்து வரும் நேர்மின் வெயில் இருக்கும்வரை நிற்காது, வரிசையாகப் பொருத்திய தகடுகளில் அது பல நூறு வோல்ட் வரை இருக்கும். அதற்குரிய வயர் வேறு, இணைப்பி வேறு, பிறேக்கர் வேறு. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு பிறேக்கர்கள் ஒரே பெட்டிக்குள் கிடந்தால், கூரையில் நிற்பவரின் கைக்குத் தவறானது போகலாம். நேர்மின் சுடரை அணைக்கும்படி செய்யாத பிறேக்கர் அங்கே தீக்கு வழி.

இடப்பக்கத்தில் பழைய சாமான் லாச்சி இருக்கும் சிறிய இறாக்கையைக் கழற்றி, சோலருக்கு மட்டும் சிவப்புப் பெட்டிகள் வைத்த தனி இறாக்கை அடிப்போம் என்று நான் சொன்னேன். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் தொடங்கினாலும் புது வான் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை, ஆகவே இருக்கிற டொல்பினுக்குள்தான் இடம் காணவேண்டும். அண்ணை உடனே பதில் சொல்லவில்லை. பழைய லாச்சியை எங்கே மாற்றுவது, ஏணிப் பாரத்தோடு இடப்பக்கம் கூடிவிடாதா என்று கேட்டார். இரண்டுக்கும் கடதாசியில் அளவு கீறிக் காட்டினேன். பலகை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலை எடுக்காமல் விட்டிருக்கிறார். ஒட்டுவேலைக்காரச் சிநேகிதரிடம் பொக்ஸ் பார் வெட்டுவதற்கு நாளைக்கு நான் போகவேண்டும்.